நாய் வண்டிக்கு ஒரு மதிப்பு

இல்லீங்க தம்பி. வொர்த் இல்ல. அந்த நாய் வண்டிக்குப் போகோணும்னு உங்க சம்சாரம் சொல்றாங்க, வொர்த்தான்னு கேட்டீங்க, நான் ஒரே வார்த்தைல சொல்லிப்போட்டேன். இனி உங்க இஷ்டம்.

சித்த உக்காருங்க, ஏன் தட்டை வெச்சுட்டு நிக்கறீங்க. இது என்ற சம்சாரத்துக்குன்னு புடிச்சு வெச்ச சேருதான். அவ மேல் தளத்துக்குத் திமிங்கலம் பாக்கப் போயிருக்கறா. இப்போதைக்கு வர மாட்டா. நீங்க அந்தக் காப்பி மெசினுக்கிட்ட நின்னுட்டு போன்ல தமிழ்ல பேசுனீங்க பாருங்க, எனக்குக் காது குளுந்துபோச்சு. மூவாயிரம் பேரு இருக்கற கப்பலுங்க இது. ஏறி அஞ்சு நாளாச்சு. இந்த அஞ்சு நாளும் நான் தமிழ் பேசுன ஒரே ஆளு என்ற சம்சாரம்தான். அவளும் முந்தாநாள்லருந்து பேச்சைக் கொறச்சுப்போட்டா. அதை விடுங்க.

என்ன பேரு சொன்னீங்க? அருள்தாசுங்களா? நாகர்கோயிலா. நெம்ப சந்தோசம். நமக்குக் காங்கேயம் பக்கம். குழந்தைவேலுன்னு பேரு.

நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ற ஆளில்லீங்க தம்பி. என்ற தொழிலே அதுதான். பேங்குக்காரங்க லோன் குடுக்கறதுக்கு முன்னால, இந்த ஊடு என்ன பெறும், இந்தத் தோட்டம் என்ன பெறும்னு ஒரு ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்லுவாங்களே, அந்த ஆளு நானு. வேல்யூயர். முப்பத்தஞ்சு வருசம். எங்க பக்கம் குழந்தைவேலு போட்ட மதிப்புன்னா மறுபேச்சு கெடையாது. ஏன்னு கேளுங்க. நேர்ல போயிப் பாக்காம நான் ஒரு மதிப்பும் போட்டதில்ல. மத்தவங்க ஆபீஸ்ல ஃபேனுக்கடியில உக்காந்துட்டு போட்டோவைப் பாத்து எழுதிக் குடுத்துருவாங்க. நான் போவேன். சுவத்தைத் தட்டிப் பாப்பேன். கெணத்துக்குள்ள எட்டிப் பாப்பேன். மொட்டை மாடி ஏறுவேன். ஒருக்கா ஒரு கோழிப்பண்ணைக்குப் போனேன். வாசல்லயே மூக்கைப் புடுங்குது. சார், நீங்க இங்க நின்னே எழுதிக்கங்கன்னு ஓனரே சொல்றாப்ல. முடியாதுன்னுட்டு உள்ள போயி, பன்னெண்டு ஷெட்டும் நடந்து பாத்துட்டுத்தான் வந்தேன். ரெண்டு நாளைக்குச் சட்டைல நாத்தம் போகல. பாக்காம மதிப்பு போடறது பாவமுங்க. பாவம்னே சொல்லுவேன்.

அதனால நான் ஒண்ணை வொர்த் இல்லைன்னு சொன்னா, இல்லைன்னு வெச்சுக்கங்க.

அதுல என்ன இருக்குதுன்னு சொல்றேன், கேளுங்க. ஹெலிகாப்டர்ல ஏத்திட்டுப் போறான். மலைக்கு மேல காலங்காலமாப் பனி கெட்டியாக் கெடக்குது, அதைத்தான் க்ளேசியருங்கறான். அங்க கூடாரம் போட்டு நூறு, நூத்தம்பது நாயைக் கட்டி வெச்சிருக்கறான். சக்கரமில்லாத வண்டி ஒண்ணு, பனியில வழுக்கிட்டே போகும். அதுல எட்டு பத்து நாயைப் பூட்டி, நம்மள உக்கார வெச்சு, ஒரு சுத்து சுத்திக் கொண்டாந்து எறக்கி விட்டுர்றான். பொறவு நாய்க்குட்டியைக் கொஞ்சறதுக்குக் கையில குடுக்கறான். முடிஞ்சது. இதுக்கு ஒரு ஆளுக்கு அறுநூறு டாலருக்கு மேல புடுங்கறான். அந்தக் காசுக்கு நம்மூர்ல நல்ல காங்கேயங் கன்னு ஒண்ணு புடிச்சுட்டு வந்துரலாம். வந்தா நம்ம கட்டுத்தறியிலயே நிக்கும். இது என்ன, ஒரு சுத்து சுத்திட்டு அவன் நாய் அவன்கிட்ட, நம்ம காசும் அவன்கிட்ட.

பனி பாக்கோணும்னா ஃப்ரீசரைத் தொறந்தாப் போதும். நாய் பாக்கோணும்னா கேட்டைத் தொறந்தாப் போதும். இதை நான் கப்பல் ஏறறதுக்கு முன்னாலயே சொன்னேன். பையன் சிரிச்சான். மருமக சிரிச்சா. வசந்தாமணி சிரிக்கல. அவளுக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் கம்மி. வசந்தாமணிங்கறது என்ற சம்சாரம்.

எங்க தெருவுல ஒரு காலத்துல பதினேழு நாய் இருந்துச்சுங்க தம்பி. எண்ணிச் சொல்றேன், பதினேழு. நான் அப்பக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரு. பள்ளிக்கூடம் போற குழந்தைகளைத் தொரத்துது, பைக்கில போறவனைத் தொரத்துதுன்னு ஆளாளுக்குப் பொலம்புவாங்க, ஆனா ஒருத்தரும் எந்திரிச்சு ஒரு காயிதம் எழுத மாட்டாங்க. நான் எழுதுனேன். நாப்பத்தொரு கையெழுத்து வாங்குனேன். விடாம அலைஞ்சேன். ஒரு நாள் காலைல வண்டி வந்துச்சு, வலையைப் போட்டாங்க, ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே எனக்குச் சால்வை போத்துனாங்க. போட்டோ இருக்குது, போன்லயே இருக்குது, அப்பறமாக் காட்டறேன்.

அதுல ஒண்ணு செவலை நாய். எங்க ஊட்டு கேட்டோரமாத்தான் படுத்துக்கும். வசந்தாமணி காலைல அதுக்கு ரெண்டு இட்லி வெப்பா. செவலைன்னு கூப்புடுவா, வாலை ஆட்டிட்டு வரும். தாவணித் துணி ஒண்ணைக் கிழிச்சு அது கழுத்துல கட்டி விட்டிருந்தா, நம்ம ஊட்டு நாயின்னு தெரியட்டும்னு. எனக்கும் தெரியாம இல்ல. வலை போடறவன்கூடக் கேட்டான், சார், இது யாரோ வளத்தற நாய் மாதிரி இருக்குதே, விட்டுரட்டுமான்னு. நான் என்ன சொல்றது தம்பி? எல்லாரும் வாசல்ல நின்னு பாத்துட்டு இருக்கறாங்க. செயலாளர் ஊட்டு நாய்க்கு ஒரு நாயம், அடுத்தவன் ஊட்டு நாய்க்கு ஒரு நாயம்னு நாளைக்கு ஒருத்தன் பேசிரக் கூடாதில்ல? பொதுக் காரியம்னா பொதுக் காரியந்தான். புடிச்சுக்கப்பான்னு சொல்லிப்போட்டேன்.

சால்வையோட ஊட்டுக்கு வந்தா அவ படுத்துட்டு இருக்கறா. ரெண்டு நாள் சோறு எறங்கல. காய்ச்சலுன்னு நெனைக்கறேன். அப்ப ஊரு பூரா ஒரு காய்ச்சல் சுத்திட்டு இருந்துச்சு. நானே போயி மாத்திரை வாங்கிட்டு வந்து குடுத்தேன். முழுங்கவே இல்ல, அது பாட்டுக்கு அலமாரில கெடந்துச்சு.

பொறவு ஒரு வருசம் கழிச்சு, ஏனுங்க, ஊட்டோட ஒரு நாய் வளத்தலாமுங்களான்னு கேட்டா. பாக்கலாம்னேன்.

பாக்கலாம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? உங்க நாகர்கோயில் பக்கமும் அதேதான? ஆங். முடியாதுங்கறதை மூஞ்சில அடிச்சாப்ல சொல்லாம, மருவாதியாச் சொல்றது. கேக்கறவங்களுக்கும் சங்கடமில்ல, நமக்கும் சங்கடமில்ல. ரெண்டு தடவை கேட்டுட்டுத் தானா விட்டுருவாங்க. கல்யாணமான புதுசுல பி.எட். படிக்கட்டுங்களான்னு கேட்டா, பாக்கலாம்னேன். ஸ்கூட்டி கத்துக்கட்டுங்களான்னா, பாக்கலாம்னேன். லாரி போற ரோடு தம்பி, அவளுக்கு எதுக்கு அதெல்லாம், எங்க போகோணுமோ நான் கூட்டிட்டுப் போறேன். அக்கா கூடக் காசிக்குப் போயிட்டு வரட்டுங்களான்னா, பாக்கலாம்னேன். அவங்க அக்கா அப்பறம் தவறிப் போயிட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், முப்பத்தெட்டு வருசத்துல அவ கேட்ட எதுக்கும் நான் முடியாதுன்னு சொன்னதில்லீங்க. ஒரு தடவைகூட. எத்தனை புருசனுங்க நெஞ்சைத் தொட்டு அப்படிச் சொல்லுவாங்க?

இந்த நாய் வண்டி வம்பு வந்ததே அந்த வார்த்தையாலதான். சிரிப்பீங்க, கேளுங்க.

பையன் பூபதி சியாட்டில்ல இருக்கறான். மருமக குஜராத்திப் புள்ள, பேரு ஹேத்தல். தங்கமான புள்ள. நம்மகூடப் பேசோணும்னு போன்ல தமிழ் படிக்கறா. மாமா, நீங்கள் தேநீர் அருந்துகிறீர்களான்னு கேக்கும். நமக்கே எந்திரிச்சு நின்னு பதில் சொல்லலாம்னு தோணும். இந்தக் கப்பல் டிக்கெட் எடுத்துக் குடுத்ததே அவதான். ஒரு நாள் சாப்பாட்டு மேசைல லேப்டாப்பை வெச்சுட்டு, கப்பல் நிக்கற ஊர்ல எல்லாம் என்னென்ன பாக்கலாம்னு காட்டிட்டு இருந்தா. இந்த நாய் வண்டி வீடியோ வந்துச்சு. வசந்தாமணி பூண்டு உரிச்சுட்டு இருந்தவ எந்திரிச்சு வந்து பின்னால நின்னுட்டா. முடிஞ்சதும், இன்னொரு தடவை போடு கண்ணுன்னா. மூணு தடவை போட்டாங்க. நாய் ஓடறதை மூணு தடவை பாக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க.

ஹேத்தல் என்னைக் கேட்டா, மாமா, இது போகலாமான்னு. விலை கீழ போட்டிருக்குது. புள்ள மனசு கோணக் கூடாதேன்னு, பாக்கலாம்மா அப்படின்னேன். நம்ம புள்ளையா இருந்தா அதோட லேப்டாப்பை மூடியிருக்கும். இது குஜராத்திப் புள்ள. அந்தத் தமிழ் படிக்கற கருமத்துல இதெல்லாம் சொல்லிக் குடுக்க மாட்டான் போல. அத்தை, பாக்கலாம்னா எஸ்ஸா நோவான்னு வசந்தாமணியைக் கேட்டுச்சு.

அவ மறுபடியும் பூண்டுல உக்காந்துட்டா. நிமுந்துகூடப் பாக்கல. கண்ணு, பாக்கறதுன்னா பாக்கறதுதான், பாக்கலாம்னா பாக்கலாம்னுதான் அர்த்தம், மாமா எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னா.

அவ சொன்னதுல தப்பே இல்லீங்க. இலக்கணப்படி சரி. ஆனா மருமக என்ன கேக்குது, எதுக்குக் கேக்குதுன்னு புரிஞ்சுக்க வேண்டாமா? அவ வெகுளி தம்பி. உள்ள ஒண்ணு வெச்சு வெளிய ஒண்ணு பேசத் தெரியாது. மனசுல பட்டதைச் சொல்லிப்போட்டா. நான் கையைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள அந்தப் புள்ள ரெண்டு டிக்கெட்டைப் போட்டுருச்சு. சாயங்காலம் பூபதி ஆபீஸ்லருந்து வந்தான், விசயத்தைக் கேட்டான், செவுத்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறான். காலேஜ்ல பைக் வேணும்னு கேட்டவன்ல, அவனுக்குத் தெரியும் பாக்கலாம்னா என்னன்னு. சிரிச்சுட்டு அவங்கம்மாவைப் போயிக் கட்டிப் புடிச்சுக்கறான். எதுக்குன்னு தெரியல.

ராத்திரி நான் கேட்டேன். ஏம் வசந்தா, உனக்குத் தெரியாதா, அதுக்கு அது அர்த்தமில்லைன்னு நீ சொல்லியிருக்கலாமில்லன்னு. அவ போர்வையை ஒதறிட்டே சொல்றா, முப்பத்தெட்டு வருசமாச்சு, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் சரியாப் புடிபடலீங்கன்னு. நான் சொன்னேனில்ல, வெகுளி.

கேன்சல் பண்ணலாம்னா, பணம் திரும்ப வராதுன்னு அதுல எழுதியிருக்குதாம். அதோட விட்டுட்டேன். மறுநாளே அவ மருமககூடக் கடைக்குப் போயி ஒரு பேன்ட்டு வாங்கிட்டு வந்தா. அறுவது வயசு தம்பி. சேலைல ஹெலிகாப்டர் ஏறக் கூடாதுங்களாம். கண்ணாடி முன்னால போட்டுட்டு நின்னா. எப்படி இருக்குதுன்னு என்னைக் கேக்கல, பூபதியோட புள்ள, எங்க பேத்தி, அவளைக் கேட்டா.

அப்பறம் முந்தாநாளு கப்பல் ஜூனோங்கற ஊருக்கு வந்துச்சு. காலைல பஸ்ஸு வெச்சு ஹெலிகாப்டர் நிக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஏற்பாடெல்லாம் சுத்தமுங்க, குத்தம் சொல்ல முடியாது. ஒவ்வொருத்தரா எடை போட்டாங்க. யாரு எந்தப் பக்கம் உக்காரறதுன்னு எடையைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்களாம். செருப்புக்கு மேலயே மாட்டற பெரிய பூட்ஸு குடுத்தாங்க. இடுப்புல ஒரு பை கட்டி விட்டாங்க, தண்ணில விழுந்தா ஊதிக்குமாம். தண்ணில விழுந்தாங்கற பேச்சை எதுக்குங்க காலங்காத்தால எடுக்கறது? ஒரு படம் வேற போட்டாங்க, கதவை எப்படித் தொறக்கறது, கீழ விழுந்தா எப்படிக் குனிஞ்சு உக்காரறதுன்னு. கைப்பை எதுவும் எடுத்துட்டு வரக் கூடாதுன்னுட்டாங்க.

என்ன கேக்கறீங்க? வண்டில உக்காந்தாக் குலுங்குமான்னா? ம். குலுங்கும். குலுங்காம எப்படி. பனியில்லீங்க.

குளுரா? குளுரும்.

நாய் கத்துதான்னா? நாயின்னா கத்தத்தான் செய்யும்.

சரி விடுங்க, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது. நான் போகலீங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? கோழிப்பண்ணை வேற, இது வேற. அது தொழிலு. இது தமாசு. தமாசுக்கு எல்லாத்தையும் நேர்ல போயிப் பாத்துட்டு இருக்க முடியுங்களா?

கைப்பை இருந்துச்சுங்க. அவ கைப்பை. பாஸ்போர்ட்டு ரெண்டும் அதுலதான். யாராவது ஒருத்தர் பாத்துக்கோணுமில்ல? லாக்கர் இருக்குதுன்னாங்க. இருக்குது, ஆனா அதை நம்பி எப்படி வெக்கறது? சாவி குடுப்பாங்களாம். அந்தச் சாவியை யாரு பத்திரமா வெச்சுக்கறது? பூட்ஸும் அதும் இதும் மாட்டிட்டு, பனியில எங்கியாவது விழுந்துருச்சுன்னா? அதும்போக எனக்கு மொழங்கால் வலி. டாக்டர் ஏறி எறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாரு. எந்த டாக்டரா? பொதுவாச் சொல்லுவாங்கல்லங்க.

நீங்க நெம்ப விவரமான ஆளு தம்பி. சிரிக்காம ஒக்காந்து கேக்கறீங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருக்குது.

அந்த ரெக்கை சுத்த ஆரம்பிச்சுதுங்க. சத்தம்னா உங்க வீட்டுச் சத்தம் எங்க வீட்டுச் சத்தமில்ல. காத்து தள்ளுது. என்ற தொப்பி பறந்து எங்கயோ போயிருச்சு. ஒரு பையன் கையைக் காட்டறான், குனிஞ்சு வாங்க, குனிஞ்சு வாங்கன்னு. நான் நின்ன எடத்துலருந்து பத்தடி இருக்கும். காலு வரலீங்க தம்பி. நானும் எடுத்து வெக்கப் பாக்கறேன், வரவே மாட்டீங்குது. எத்தனை மொட்டை மாடி, எத்தனை தண்ணித் தொட்டி ஏறுன காலு. பயந்துபோட்டேன். அவ்வளவுதான் விசயம். என்ற வயசுக்கு இதை வெளிய சொல்லக் கூடாது. கப்பல் எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ, அதனால சொல்லிப்போட்டேன்.

வசந்தாமணி திரும்பிப் பாத்தா. வந்து பையை என்ற கையில குடுத்தா. அந்தச் சத்தத்துல அவ வாய் அசையறதுதான் தெரியுது, இங்கயே உக்காந்திருங்கன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. சரி, வேண்டாம் வசந்தா, வா, ரெண்டு பேரும் போயிரலாம்னு சொல்றதுக்கு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள போயிட்டா. குனிஞ்சுட்டு, ஓடுனா தம்பி. அவ ஓடி நான் பாத்ததே இல்ல. ஏறி உக்காந்தா, கதவைச் சாத்தினாங்க, கெளம்பிருச்சு. கண்ணாடி வழியாப் பாப்பான்னு கையைத் தூக்கி வெச்சிருந்தேன். பாக்கல. பெல்ட்டுப் போட்டுட்டு இருந்திருப்பா.

ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தேன். மேல மேகம் எறங்குது. பஸ்ஸுல ஊட்டி மலை ஏறுனாலே சாமி கும்புடற ஆளு நானு, என்ன பாடு பட்டிருப்பேன்னு பாத்துக்கங்க. அவ பை மடியில இருக்குது. தொறந்து பாக்கலாமான்னு தோணுச்சு. முப்பத்தெட்டு வருசத்துல நான் அவ பையைத் தொறந்ததில்ல. உள்ள என்ன வெச்சிருப்பான்னு ரோசனை பண்ணிப் பாத்தேன். பாஸ்போர்ட்டு, மூக்குக் கண்ணாடி, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தோணலீங்க. ஒரு ஊட்டைப் பத்துத் தரம் வெளிய நின்னு பாத்துட்டு, உள்ள எத்தனை ரூம்புன்னு சொல்லத் தெரியாத மாதிரி. தொறக்கல. அப்படியே வெச்சிருந்தேன்.

வந்து எறங்குனா. மூக்கெல்லாம் செவந்திருக்குது. பேன்ட்டு பூரா நாய் மசுரு. நான் ஓடிப் போயி, எப்படி இருந்துச்சு வசந்தான்னு கேட்டேன். பாத்தேனுங்கன்னா.

அவ்வளவுதான் தம்பி. பாத்தேனுங்க. பையை வாங்கிட்டா, டாய்லெட் எங்க இருக்குதுன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

அன்னைக்குச் சாப்பாட்டுல மறுபடியும் கேட்டேன். நேத்து ரெண்டு தடவை கேட்டேன். இன்னைக்குக் காலைல பல்லு வெளக்கிட்டே கேட்டேன். நீங்கதான் வீடியோவுல பாத்தீங்களே, அதேதானுங்கன்னா. கோவமில்ல தம்பி. கோவமா இருந்தா எனக்குத் தெரிஞ்சுரும். நல்லாத்தான் பேசறா, டீ குடிச்சீங்களாங்கறா, மாத்திரை போட்டீங்களாங்கறா. ஹெலிகாப்டர்ல கூடப் போன அம்மாங்க ரெண்டு பேரு, ஒருத்தி பஞ்சாபி, ஒருத்தி வெள்ளைக்காரி, அவங்க கூடத்தான் இப்ப எந்நேரமும். கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றா, மூணு பேரும் சிரிக்கறாங்க. எந்த பாசைல பேசறாளோ தெரியல. இவளுக்கு இத்தனை பேச்சு எங்கிருந்துச்சுன்னும் தெரியல. நான் பக்கத்துல போனா நிறுத்திட்டு, பசிக்குதுங்களாங்கறா.

எனக்குத் தெரிஞ்சதெல்லாம் போட்டோதான். அதுவும் அவ எனக்கு அனுப்பல. அங்க இருந்த ஆளு எடுத்துக் குடுத்ததை மருமகளுக்கு அனுப்பியிருக்கறா, மருமக குடும்பக் குரூப்புல போட்டுச்சு. இந்தாங்க, பாருங்க. சால்வை போட்டோ இல்லீங்க, அதுக்கு அடுத்தது. இதுல பாருங்க, எல்லாரும் வண்டில உக்காந்திருக்கறாங்க. அவ எங்கன்னு பாருங்க. பின்னால. நின்னுட்டு, கைப்புடியைப் புடிச்சுட்டு, ஓட்டறா! அந்த வண்டிக்காரன் பக்கத்துல சும்மா நிக்கறான். விழுந்தா என்னத்துக்காகும்?

இது இன்னொண்ணு. செவலை நெறம் பாருங்க. அத்தனை நாய்ல அவளுக்குன்னு ஒரு செவலை கெடைச்சிருக்குது. முன்னங்கால் ரெண்டையும் தூக்கி அவ தோள்ல போட்டிருக்குது, இவ அது கழுத்துல மூஞ்சியைப் பொதச்சிருக்கறா. முந்தாநாள்லருந்து இதைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்கறேன். சிரிக்கறாளா அழுகறாளான்னு தெரிய மாட்டீங்குது. நீங்க இளவட்டம், உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், சொல்லுங்க. உங்களுக்கும் தெரியலீங்களா?

அதுக்குக் கீழ ஹேத்தல் 'அத்தை சூப்பர்'னு எழுதியிருக்குது. பூபதி பொம்மை பொம்மையாப் போட்டிருக்கறான். நானும் ஏதாவது எழுதலாம்னு போனைக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தேன். கடைசில கட்டை விரல் போட்டேன்.

அந்தச் செவலை கழுத்துல கட்டியிருந்த தாவணித் துணியை யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது தம்பி. வலை போட்டவன் அதை அவுத்து, எங்க ஊட்டு கேட்டுக் கம்பில மாட்டிட்டுப் போனான். சாயங்காலம் நான் வர்றப்ப அது அங்க இல்ல. இப்ப எதுக்கு இதைச் சொல்றேன்? போட்டோவைப் பாத்ததும் நெனப்பு வந்துச்சு. அவ அன்னைக்குப் படுத்துட்டது காய்ச்சலால இல்லைன்னு இப்பத் தோணுது. இத்தனை வருசம் கழிச்சு தோணி என்ன பண்றது, சொல்லுங்க. வெசனமா இருக்குதுங்க.

அது சரி, உங்க வீட்ல போகலாமான்னு கேட்டதுக்கு நீங்க என்ன சொல்லிட்டு வந்தீங்க? பாக்கலாம்னா? அடப்பாவமே. எந்திரிச்சுப் போங்க தம்பி, மொதல்ல போங்க. இல்ல, சித்த இருங்க. நான் மொதல்ல வொர்த் இல்லைன்னு சொன்னேன் பாருங்க, அதைக் கணக்குல எடுத்துக்காதீங்க. நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட மதிப்பில்ல அது, சும்மா வாய்ப்பேச்சு. நாளைக்குக் கப்பல் நிக்கற ஊர்லயும் நாய் வண்டி இருக்குது. அஞ்சாவது தளத்துல கவுன்டர்ல ஒரு புள்ள உக்காந்திருக்குது, காலைல சும்மாப் போயி விசாரிச்சேன். சும்மாதான். நாலு சீட்டு இருக்குதுங்களாம். மத்தியானம் வரைக்கும் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கறேன்னு சொல்லுச்சு. உங்களுக்கு ரெண்டு. மீதி ரெண்டு.

அதா, அவளே வந்துட்டா.

வசந்தா, இங்க வா. இது அருள்தாஸு, நாகர்கோயிலு. நம்ம தமிழு. திமிங்கலம் வந்துச்சா? வாலு மட்டுமா? சரி சரி. அவங்க ரெண்டு பேரும் கூப்புடறாங்களா? போலாம், ஒரே நிமிசம். நாளைக்கு நிக்கற ஊர்லயும் அந்த நாய் வண்டி இருக்குதாம். இந்தத் தம்பி அவங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போறாப்ல. நான் என்ன சொல்றேன்னா, நாமளும் போலாமான்னு. நாமன்னா, ரெண்டு பேரும்தான். நானும் ஏறறேன். பையை லாக்கர்லயே வெச்சுப்போடலாம். நீ மட்டும் சித்த கையைப் புடிச்சுட்டீன்னா நான் கண்ணை மூடிட்டு ஏறிருவேன். எனக்கு அந்தச் செவலையைப் பாக்கோணும். வேற ஊரா? அப்ப வேற செவலை இருக்கும். நீ ஓட்டு, நான் முன்னால உக்காந்துக்கறேன். என்ன சொல்றே?

போயிட்டாளுங்க.

கேட்டீங்கல்ல தம்பி? பக்கத்துலதான இருந்தீங்க. பாக்கலாமுங்கன்னா. சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, சிரிக்காத மாதிரியும் இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும்தான் அந்தப் புள்ள சீட்டை வெச்சிருக்கும். நான் அஞ்சாவது தளத்துக்குப் போறதா, வேண்டாமா? நீங்க படிச்சவரு, நாலு எடம் பழகுனவரு, நீங்களே சொல்லுங்க.

அவ சொன்ன பாக்கலாமுக்கு என்னங்க அர்த்தம்?